வியோனேயின் குறுக்கு வெட்டு

ஆசிரியருக்கு,

ஆடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே (1876–1975) பற்றிய கட்டுரையில் குறுக்கு வெட்டை, அதாவது துணியை இழைகளுக்குச் சாய்வாக வெட்டும் முறையை, அவரே கண்டுபிடித்ததாக எழுதியிருந்தீர்கள். காலருக்கும் ஓரப்பட்டிக்கும் துணியைக் குறுக்காக வெட்டுவது அவருக்கு முன்பே உண்டு. முழு உடையையும் அப்படி வெட்டியதுதான் அவர் சாதனை. நம்மூர் கிராஸ் கட் ஜாக்கெட்டின் சூட்சுமமும் அதேதான்.

பாவுக்கும் (நீளவாட்டு இழை) ஊடைக்கும் (அகலவாட்டு இழை) 45 டிகிரியில் துணி ரப்பர் போல இழுபடும், உடம்போடு படியும். அதனால் அவரது பல உடைகளைக் கொக்கி இல்லாமல் தலைவழியே மாட்டிக்கொள்ளலாம். அவர் தாளில் வரையவில்லை. சிறிய மரப்பொம்மையில் துணியைச் சுற்றிப் பார்த்து வடிவம் கண்டார்.

படிப்பதற்குச் சுலபம், தைப்பதற்கு அல்ல. க்ரேப் போன்ற நழுவும் மென்துணியை மடித்து வெட்டினால் அடி அடுக்கு நழுவும். ஒற்றையாக விரித்தே வெட்ட வேண்டும். தையலை இறுக்கினால் துணி நீளும்போது நூல் அறுந்துவிடும். கீழ் மடிப்பை உடனே அடிக்கவும் கூடாது. ஒரு நாளாவது தொங்கவிட்டால் குறுக்கு வாட்டமான இடங்கள் மட்டும் தாழ்ந்து இறங்கும். பிறகுதான் சமப்படுத்தி மடிக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் துவைப்பிலேயே விளிம்பு கோணிவிடும்.

கள்ள நகலைத் தடுக்க உடையின் லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தவர் அவர். பாரிஸ் பட்டறையில் தையல் பெண்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு, உணவகம், மருத்துவ வசதி எல்லாம் கொடுத்தார். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தையற்பயிற்சி ஆசிரியர்கள்,
ஈரோடு