கிச்சிஜிரோவுக்காக ஒரு கடிதம்

அன்புள்ள உபதேசியாரே,

இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அக்காவை விசாரித்ததாகச் சொல். சின்னவனுக்கு வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் எனக்குப் போன் செய்தான். யாரென்று உனக்குத் தெரியும். பூசையில் நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணியைத் தவறவிட்ட அதே மகான்தான். உனக்கும் அடித்தானாம், நீ எடுக்கவில்லையாம். குறையாகச் சொல்லவில்லை. "கோபம் இருக்கும், நியாயம்தானே" என்று அவனே உனக்காகப் பேசினான். அடுத்த வாரமே உன் கடிதம் வந்துவிட்டது. அதில் இரண்டு வரி என்னைத் தூங்க விடவில்லை. 'எத்தனை தடவைதான் மனம் திரும்புவான், அதற்கு ஒரு கணக்கு வேண்டாமா?' என்பது ஒன்று. 'நீ நாவல் படித்துப் படித்தே இளகிப்போய்விட்டாய், விசுவாசிக்கு நாவல் எதற்கு?' என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. அதனால் பதிலும் ஒன்றாகவே எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்.

இந்தத் தவக்காலம் முழுக்க என்னோடு இருந்தது ஷூசாகு எண்டோ எழுதிய 'சைலன்ஸ்'. 1966இல் வந்த நாவல். எண்டோ ஜப்பானியர், சிறுவயதில் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். நீ தவக்காலத்தில் நாவலைத் தொடமாட்டாய், தெரியும். இதைத் தொட்டிருக்கலாம். நம் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்ததை மறைக்கல்வியில் ஒப்பித்தோமே, அவரே 1549இல் ககோஷிமாவில் போய் இறங்கியதில்தான் ஜப்பான் திருச்சபையின் கதை தொடங்குகிறது. நம் கடற்கரையில் அந்த விசுவாசம் ஊன்றி நின்றுவிட்டது. அங்கே 1614இல் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது, அதன்பின் வேட்டை. ஃபெரேரா என்ற சேசுசபைக் குரு சித்திரவதை தாங்காமல் விசுவாசத்தை மறுதலித்துவிட்டார் என்ற செய்தி ஐரோப்பாவுக்குப் போகிறது. கற்பனை இல்லை, 1633இல் நாகசாகியில் உண்மையாகவே நடந்தது. அவரிடம் படித்த ரொட்ரிகஸ் அதை நம்ப மறுத்து, அவரைத் தேடி ஜப்பானுக்குள் ஒளிந்து நுழைகிறான். அவனுக்கு வழிகாட்டியாக வருகிறவன்தான் கிச்சிஜிரோ.

இந்தக் கிச்சிஜிரோவைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். குடிகாரன், பயந்தாங்கொள்ளி. கூடப் பிறந்தவர்கள் விசுவாசத்துக்காக எரிக்கப்பட்டபோது இவன் மட்டும் ஆண்டவரின் உருவம் பதித்த பலகையை மிதித்துவிட்டுப் பிழைத்துக்கொண்டவன். பிறகு அந்தக் குருவையே காசுக்குக் காட்டிக்கொடுக்கிறான். அதோடு ஓடிப்போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் திரும்ப வருகிறான். குருவை இழுத்துக்கொண்டு போகிற கூட்டத்தின் பின்னாலேயே வருகிறான், சிறை வாசலில் மழையில் நின்று, தன் பாவ அறிக்கையை, பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கச் சொல்லிக் கத்துகிறான். காவலர்கள் அடித்துத் துரத்தினாலும் மறுபடி வருகிறான். தன்னைப் பலவீனனாகப் படைத்துவிட்டுப் பலசாலியாக இரு என்று கடவுள் கேட்பது என்ன நியாயம் என்கிறான். துன்புறுத்தல் இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் தானும் ஒரு நல்ல கிறிஸ்தவனாக வாழ்ந்து செத்திருப்பேன் என்கிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நீயும் நானும் அப்படிப்பட்ட காலத்தில்தானே பிறந்திருக்கிறோம்? ஞாயிறு பூசைக்குப் போவதற்கு யாரும் நம் கழுத்தைப் பிடிக்கவில்லை.

ரொட்ரிகஸுக்கு அவனைப் பார்த்தாலே குமட்டுகிறது. அவன் நாற்றம், பல், கெஞ்சல் எல்லாமே. பாவமன்னிப்புச் சொல்லும்போதும் உள்ளே இரக்கம் பிறக்கவில்லை, வாய் மட்டும் சொல்கிறது. இதை எண்டோ மறைக்காமல் எழுதுகிறார். இராவுணவில் ஆண்டவர் யூதாசிடம், செய்ய வேண்டியதைச் சீக்கிரம் செய் என்றாரே, அது கோபத்தில் சொன்னதா, அன்பில் சொன்னதா என்று அந்த இளம் குரு நாவல் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்கிறான். எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, வருடா வருடம் பிள்ளைகளுக்கு நீதான் சொல்லிக்கொடுக்கிறாய். எனக்கும் அது மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதாலேயே என்மேல் படாமல் போய்விடுகிறது. அந்த ஏழாவது தடவை வந்து நிற்கிறவன் எப்படி நாறுவான், அவனை மன்னிக்கிறவனுக்கு எப்படி வயிற்றைப் பிரட்டும் என்று எனக்குக் காட்டியது ஒரு நாவல். விசுவாசிக்கு நாவல் எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான்.

கடைசிப் பகுதியைச் சொல்லிவிடுகிறேன், சொன்னாலும் சுவை குறையாது. ரொட்ரிகஸை இருட்டறையில் அடைக்கிறார்கள். சுவரைத் தடவிப் பார்க்கிறான். யாரோ லத்தீனில் 'அவரைப் போற்றுங்கள்' என்று கீறி வைத்திருக்கிறார்கள். வெளியே யாரோ குறட்டை விடுவது போலச் சத்தம். தான் நாளை சாகப்போகும்போது காவல்காரன் இப்படித் தூங்குகிறானே என்று அவனுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் வருகிறது. அப்போது ஃபெரேரா வந்து சொல்கிறார்: அது குறட்டை இல்லை. குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட விசுவாசிகளின் முனகல். ஒரேயடியாகச் சாகாமல் இரத்தம் சொட்டுச் சொட்டாக வடியட்டும் என்று காதுக்குப் பின்னால் கீறி விட்டிருக்கிறார்கள். அவர்கள் எப்போதோ மறுதலித்துவிட்டார்கள், ஆனால் குரு மிதிக்கும்வரை விடமாட்டார்களாம். சுவரில் கீறியதும் நான்தான் என்கிறார் அந்தப் பழைய ஆசிரியர். விடியும் நேரத்தில் ரொட்ரிகஸ் பலகைமுன் நிற்கிறான். மிதி என்று அந்த உருவமே சொல்கிறது. மிதிக்கிறான். சேவல் கூவுகிறது.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். அது ஆண்டவரின் குரல் இல்லை, சோதனைக்காரனின் குரல் என்பாய். அதை அப்படியே தள்ளிவிட எனக்கும் முடியவில்லை. இதே நாவலில் மோகிச்சி என்ற ஏழை விவசாயி வருகிறான். கடலில் மரத்தூணில் கட்டி, அலை ஏறி ஏறி அடித்துச் சாகவிடுகிறார்கள். கடைசி மூச்சுவரை பாடிக்கொண்டே சாகிறான். மிதிப்பது சரியென்றால் மோகிச்சி எதற்காகச் செத்தான்? இதற்கு எண்டோ பதில் வைக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். நானும் எழுந்து நடந்து யோசித்துப் பார்த்துவிட்டேன், விடை பிடிபடவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். மோகிச்சிக்குப் பலிபீடத்தில் இடம் உண்டு என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. எண்டோவின் கவலை முழுக்க மற்றவனைப் பற்றியது. அவனுக்காக ஒருவர் வாதாட வேண்டாமா?

அப்புறம் ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன். 'தி பவர் அண்ட் தி குளோரி', 1940. மெக்சிகோவில் பூசை வைப்பதே குற்றமாக இருந்த ஒரு மாநிலம். மற்ற குருக்கள் ஓடிவிட்டார்கள், சுடப்பட்டார்கள், ஒருவர் கல்யாணம் செய்துகொண்டார். மிஞ்சியிருப்பவர் ஒரு குடிகாரச் சாமியார். அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரு சிறுமிக்குத் தகப்பன் வேறு. முகத்தைச் சுளிக்காதே, கேள். பூசை வைக்கத் திராட்சை ரசம் வேண்டும், அந்த மாநிலத்தில் மதுவுக்கே தடை. அலைந்து திரிந்து கள்ளத்தனமாக ஒரு புட்டி வாங்குகிறார். விற்றவனுக்கும் உடன் வந்து சேர்ந்த போலீஸ் தலைவனுக்கும் மரியாதைக்காக ஊற்றித்தர வேண்டியதாகிறது. சிரித்துச் சிரித்து அவர்களே புட்டி முழுவதையும் குடித்து முடிக்கிறார்கள். கண்முன்னால் பூசை தீர்ந்துபோகிறது. வாயைத் திறந்து சொல்ல முடியாமல் அந்த மனிதர் அழுகிறார். குடித்தால் எல்லாருக்கும் வருகிற அழுகை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனை மறையுரை கேட்டிருக்கிறோம், நற்கருணை என்றால் என்ன விலை என்று எனக்கு இப்படி உறைத்ததில்லை.

இன்னொரு இடம். தன் பாவத்துக்காக மனஸ்தாபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாவத்தின் பலன் முன்னால் வந்து நிற்கிறது, ஒரு குழந்தையாக, அவருடைய சாயலில். அதை நேசிக்காமல் இருக்க முடியவில்லை. நேசிக்கிற ஒன்றுக்காக எப்படி வருந்துவது? நான் பாவத்திலேயே சாகட்டும், இவளை மட்டும் காப்பாற்று என்று ஜெபிக்கிறார். அவர் தலைக்கு 700 பெசோ விலை வைத்திருக்கிறார்கள். நெருக்கியடித்த சிறைக்குள் தான் யாரென்று அவரே சொல்லியும், திருடர்களும் குடிகாரர்களுமான அந்தக் கைதிகளில் ஒருவன்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. ரொட்ரிகஸ் தலைக்கு 300 வெள்ளி. யூதாஸ் ஆண்டவரை விற்ற முப்பது வெள்ளியைவிடப் பத்து மடங்கு என்று அவன் மனம் கணக்குப் போடும். கிரீனின் சாமியாருக்கு அந்தப் பெருமையும் மிச்சமில்லை. எல்லை தாண்டித் தப்பிய பிறகும், சாகக் கிடக்கிற ஒரு கொலைகாரனின் பாவசங்கீர்த்தனத்துக்காக, பொறி என்று தெரிந்தே திரும்பிப் போகிறார்.

1953இல் ரோமாபுரியிலிருந்தே இந்தப் புத்தகத்துக்குக் கண்டனம் வந்தது. பின்னாளில் திருத்தந்தை ஆறாம் பவுல் கிரீனைச் சந்தித்தபோது, உங்கள் எழுத்தில் சில பகுதிகள் சில கத்தோலிக்கர்களைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற பொருளில் சொன்னாராம். இதை உனக்காகவே குறித்து வைத்திருந்தேன். நீயா, திருத்தந்தையா?

தமிழிலும் நம்மவர்களைப் பற்றி நல்ல நாவல்கள் உண்டு. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964லேயே வந்துவிட்டது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலில் வரும் ஆரோக்கியம் என்ற பெண்ணை மறக்கவே முடியாது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' படித்தபோது கடலுக்குள்ளேயே போய்வந்த மாதிரி இருந்தது. அதில் காகு சாமியாரை உனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஓர் ஆதங்கம். நம் நாவல்களில் கோயில் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, சாமியார் இருக்கிறார், சாதி இருக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழங்கால் போட்டிருக்கிறவனின் உள்மனசுக்குள் ஒரு முழு நாவலும் இறங்கி நான் இன்னும் படிக்கவில்லை. நீ படித்திருந்தால் பெயரைச் சொல், உடனே வாங்குகிறேன்.

மரிலின் ராபின்சனின் 'கிலியட்' (2004) பற்றித் தனியாக எழுத வேண்டும், அவ்வளவு பிடித்துவிட்டது. எழுபதைத் தாண்டிய ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், இதயம் பழுதானவர், தன் சின்ன மகன் வளர்ந்தபின் படிக்கட்டும் என்று எழுதுகிற கடிதம் அது. சிறுவயதில் பூனைக்குட்டிகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததையும், அந்தச் சின்ன நெற்றியின் சூடு உள்ளங்கையில் இன்னும் இருப்பதையும் எழுதுகிறார். இவ்வளவு நல்ல மனிதரால் ஒருவனை மட்டும் பொறுக்க முடியவில்லை: நண்பரின் மகன் ஜாக். ஊரைவிட்டு ஓடியவன், ஒரு பெண்ணைக் கைவிட்டவன், பல வருடம் கழித்துத் திரும்பியிருக்கிறான். அவன் மறுபடி கிளம்பும் நாளில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெஞ்சில் அவன் நெற்றியில் கை வைத்து, 'ஆண்டவர் தம் முகத்தை உன்மேல் பிரகாசிக்கச் செய்வாராக' என்று விவிலியத்தின் எண்ணாகமத்து ஆசீரைச் சொல்கிறார். அவன் திருந்திவிட்டதற்கான அத்தாட்சி எதையும் அவர் கேட்கவில்லை.

சரி, நம்மவன் விஷயம். குடியை விட்டு விட்டேன் என்கிறான். முன்பும் சொன்னவன்தான், அதனால் நானும் சாட்சி சொல்லவரவில்லை. பணம் கேட்டால் கொடுக்காதே, அதில் நான் உன் கட்சி. உன் தங்கை வீட்டு விவகாரத்தில் அவன் செய்ததை மறந்துவிடு என்றும் சொல்லமாட்டேன். அது உன் காயம், எனக்கு அதில் பேச உரிமை இல்லை. ஆனால் நம் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் பெரிய சாமியார் முதல் நற்கருணை கொடுத்தார். அவன் வந்தால் உட்கார வை. அவன் பேசட்டும், நீ உபதேசம் செய்யாதே. அவனுக்கு நம்மைத் தவிர யாரும் இல்லை என்பது உனக்கே தெரியும்.

'சைலன்ஸ்' பிரதியை உனக்கு அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறானாம். நாவல் முடிந்தபின் ஓர் அதிகாரியின் நாட்குறிப்பு போலச் சில பக்கங்கள் வரும். வெறும் வரலாற்றுக் குறிப்பு என்று விட்டுவிடாதே. கிச்சிஜிரோவைச் சோதனை போட்டபோது தாயத்துப் பைக்குள் என்ன இருந்தது என்று அதில்தான் இருக்கிறது. படித்துவிட்டு எழுது. ஃபெரேராவைப் பற்றி உன் தீர்ப்பு எனக்கு வேண்டும், முக்கியமாக அந்தச் சுவரில் கீறிய வரியை வைத்து.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம்.

என்றும் உன்,
பழைய கிளார்நெட்