புதிய நீதிமன்றம்: செலவைப் பார்க்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய தாலுகாவுக்கு நீதிமன்றம் கேட்டால், அவ்வளவு செலவு எதற்கு என்கிறார்கள். நீதிமன்றப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன். கட்டடம் ஒருமுறைச் செலவு. மத்திய அரசின் நீதித்துறைக் கட்டமைப்புத் திட்டத்தில் சேர்ந்தால் மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் ஏற்கும். வருடா வருடம் நிற்பது சம்பளம்தான்: நீதிபதி, சிரஸ்தார் (அலுவலகத் தலைமை எழுத்தர்), சுருக்கெழுத்தர், தட்டச்சர், அமீனா (நீதிமன்ற உத்தரவுகளை நேரில் நிறைவேற்றுபவர்), இரவுக் காவலர். இதில் கை வைக்கவே கூடாது. தட்டச்சர் இல்லாவிட்டால் தீர்ப்பு நகலுக்கு மக்கள் மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

அப்புறம், எந்த பட்ஜெட்டிலும் வராத செலவு ஒன்று உண்டு. அஞ்செட்டிக்கு அப்பாலுள்ள மலைக் கிராமத்துக்காரர் சாட்சி சொல்ல பஸ் பிடித்து தேன்கனிக்கோட்டை நீதிமன்றத்துக்கு வருகிறார். வாய்தா என்று திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி போச்சு. வழக்குக் கட்டோடு வந்த போலீஸ்காரரின் ஒரு நாளும் போச்சு. கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

சொந்தக் கட்டடம் வரும்வரை வாடகைக் கட்டடம் போதும். ஆனால் பணியிடத்தை அனுமதித்ததோடு விடாமல் ஆட்களை நியமித்த பிறகே திறக்கட்டும். பதிவறைக்கு ஒழுகாத கூரையும், சாட்சிக்கு வரும் பெண்களுக்குக் கழிப்பறையும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்