பாரா நின்ற பையன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து அடுக்கிய, மந்திரமும் துப்பறிதலும் கலந்த ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ நாவல் வரிசையில் ஒன்பதாவது நாவலை நேற்று இரவு முடித்தேன். “ஒரே கதையை எப்படியப்பா அலுக்காமல் படிக்கிறீர்கள்?” என்று போனில் கேட்டாயே, அதற்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

முதல் புத்தகத்தின் தொடக்கம் நினைவிருக்கிறதா? லண்டனில் கோவன்ட் கார்டன் தேவாலயத்தருகே தலை துண்டான பிணம். ஜனவரிக் குளிரில், விடியாத நேரத்தில், அங்கே பாரா நிற்கிறான் பீட்டர் கிரான்ட். இன்னும் பயிற்சி முடியாத காவலர். கூட நின்ற லெஸ்லி காபி வாங்கப் போகிறாள். ஒரு பேய் வந்து, கொலையை நான் பார்த்தேன் என்கிறது. பையன் ஓடவில்லை. சாட்சியிடம் கேட்பதுபோல் கேட்கிறான்! முப்பத்திரண்டு ஆண்டு காக்கி உடுத்தியவன் நான். அதில் பாதி, ஸ்டேஷன் ரைட்டராகப் பொதுக் குறிப்பேட்டோடு கழிந்தது. அந்தப் பக்கத்திலேயே அவன்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்குப் பாரா நிற்பவனின் கால் எப்படி மரத்துப்போகும் என்பது இதை எழுதிய பென் ஆரனோவிச்சுக்குத் தெரிந்திருக்கிறது.

மந்திரம் கற்றுக்கொண்ட பிறகும் பீட்டர் அறிக்கை எழுதுகிறான், மேலதிகாரிக்குப் பதில் சொல்கிறான். மந்திரம் போட்டால் பக்கத்திலிருக்கும் செல்போனின் சில்லு மணலாக உதிர்ந்துவிடும். சரி, எவ்வளவு தூரத்தில் உதிர்கிறது என்று அளந்து பார்க்கிறான் அவன். நல்ல விசாரணை அதிகாரிக்கு இந்தக் குணம்தான் வேண்டும்.

ஆனால் 2011இலிருந்து 2022 வரை ஒன்பது நாவல்களிலும் என்னைக் கட்டிப்போட்டது வேறு. முதல் வழக்கில் லெஸ்லியின் முகம் சிதைந்துபோகிறது. மற்ற துப்பறியும் தொடர்களில் அடுத்த புத்தகத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இங்கே ஆகவில்லை. அவள் முகமூடி போட்டுக்கொண்டு வருகிறாள். அந்தக் காயம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று நான்காவது புத்தகத்தின் முடிவில் படித்தபோது அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கை முடித்துக் கோப்பைக் கட்டிவிடலாம். அடிபட்டவர்களுக்கு அது முடிவதில்லை. இதை நான் ஸ்டேஷன் வாசலில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் அம்மா. அந்த ஆசிரியர் எதையும் மறப்பதில்லை. அதனால்தான் அடுத்த புத்தகத்தை நம்பி எடுக்கிறேன்.

ஆறாவது நாவலில் ஆள்கூட்டம் அதிகம். யார் எவர் என்று முன்பக்கங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா? ஏழாவதில் பழைய கணக்கில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டார்.

அம்மாவுக்குக் கதை சொல்லும்போது ஆறுகள் பெண்களாக வருவதைச் சொன்னேன். ஆடிப்பெருக்கன்று காவிரிக்குக் காதோலை கருகமணி விடுகிறவள். ஒரு கேள்வி கேட்கவில்லை. 1858இல் தேம்ஸ் ஊரையே நாறடித்தபோது அந்த ஆற்றின் தெய்வமான கிழவர் தேம்ஸ் லண்டனை விட்டுப் போய்விட, பின்னாளில் நைஜீரியாவிலிருந்து செவிலியர் படிப்புக்கு வந்த ஒரு பெண் அந்த ஆற்றுக்குத் தாயாகிறாள். தெருவுக்கடியில் புதைத்துவிட்ட டைபர்ன், ஃப்ளீட் ஆறுகள் எல்லாம் அவளுடைய மகள்கள். “பாவம், மூடிவிட்டார்களா?” என்று மட்டும் கேட்டாள் அம்மா. பீட்டரின் தாய் சியரா லியோனிலிருந்து வந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்பவள் என்றதும், அவன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று விசாரித்தாள். உன்னையும் சேர்த்துத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் லண்டனில் கிளார்க்கன்வெல் பகுதியில் ரே தெரு என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மதுக்கடைக்கு முன்னால், சாலையில் இரும்புக் கம்பி மூடி பதித்திருக்கிறார்கள். குனிந்து காது கொடுத்தால் கீழே ஃப்ளீட் ஓடும் சத்தம் கேட்குமாம். இப்போது அது சாக்கடைதான், இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகள் குறைவாக இருக்கும்போது போ. அங்கிருந்து போன் செய்து, போனை அந்த மூடியருகில் கொஞ்ச நேரம் பிடி. அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா