அசைன்மென்ட் தாளில் நம் ஊரும் வரட்டும்: தமிழ்த் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டக் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நானும் பி.ஏ. தமிழ் படித்தவன்தான், என் மகள் இப்போது அதே பட்டத்துக்குப் படிக்கிறாள். நாவல் ஒன்றைப் பற்றி அவள் எழுதிய அசைன்மென்டைப் பார்த்தேன். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, நடைச்சிறப்பு, முடிவுரை என்று அத்தனையும் இணையத்திலிருந்து இறக்கியது. "நாவலைப் படிச்சியா?" என்றேன். "யாருப்பா படிக்கிறா? மார்க்குக்கு இது போதும்" என்றாள். அவள் சொன்னபடியே மார்க்கும் வந்தது. அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பருவத்துக்கு ஒரு அசைன்மென்டையாவது, மாணவர் தம் ஊரையும் வீட்டையும் பற்றிச் சொந்தமாக எழுதும் கட்டுரையாக மாற்றுங்கள். அக மதிப்பீடு உங்கள் கையில்தான் இருக்கிறது.

இதை நம் பக்கத்திலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். எழுத்தாளர் பெருமாள்முருகன் ஆத்தூர் அரசு கலைக் கல்லூரியிலும் வேலை பார்த்தவர். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறோம். தமிழாசிரியராக அவர் செய்த வேலை பேச்சுக்கே வருவதில்லை.

1966இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது சேலம் மாவட்டம். நாமக்கல் பிரிந்தது 1997இல்தான். விவசாயக் குடும்பம். அப்பா சினிமா தியேட்டரில் சோடாக்கடையும் நடத்தினார். அந்தத் தியேட்டர் வாழ்க்கைதான் 'நிழல் முற்றம்' நாவலானது. ஏற்காடு ரோட்டில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி இன்றும் பெருமைப்படுகிறோம். அந்த ஸ்டுடியோவைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரமும் திருச்செங்கோட்டுக்காரர்தான். படம் எடுத்தவர் கதை எல்லோருக்கும் தெரியும். இடைவேளையில் சோடா விற்ற பையன்களுக்கும் ஒரு கதை உண்டு என்று காட்டியது இந்த நாவல்.

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டவர் ஆர். சண்முகசுந்தரம், 1942இலேயே 'நாகம்மாள்' எழுதிய கொங்குக்காரர். தனக்கு முன்னால் இந்த மண்ணை எழுதியவரை ஊன்றிப் படித்துவிட்டு, ஊர்ப் பேச்சையும் திரட்டி 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியாகக் கொண்டுவந்தார். பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட தலித் சிறுவனின் கதையான 'கூளமாதாரி' வந்ததும் அதே 2000இல். அகராதி ஆய்வுக் கணக்கு, நாவல் படைப்புக் கணக்கு என்று துறைகள் வேண்டுமானால் பிரித்து எழுதிக்கொள்ளலாம். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

அடுத்ததுதான் எனக்கு முக்கியம். நாமக்கல்லில் 'கூடு' என்ற பெயரில் ஆய்வுச் சந்திப்புகள் நடத்தி, வந்தவர்களை அவரவர் வாழ்க்கையில் சாதி என்னவாக இருந்தது என்று எழுத வைத்தார். அந்தக் கட்டுரைகள் 2013இல் 'சாதியும் நானும்' என்று நூலாயின. அதைப் படித்த பிறகுதான், பட்டம் வாங்கி இத்தனை வருஷமாகியும் என் தெருவைப் பற்றி நான் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை என்பது உறைத்தது.

உங்கள் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் அப்பாவின் மகன். இளம்பிள்ளைத் தறிக்காரர் மகள். மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கப் போய்விட்டுக் கல்லூரிக்கு வருகிறவன். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் மலையாளிப் பழங்குடிப் பெண். காப்பிப் பழம் பறிப்பதும், சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகு எப்போது முற்றும் என்பதும், மே மாதத்துச் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எந்த ஊர்க்காரர் என்ன முறை செய்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். இவர்கள் எழுதினால் எந்த இணையத்திலிருந்து இறக்க முடியும்? பிழை இருக்கும்தான். சந்திப்பிழையை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு பயம் உங்களுக்கு இருக்கும்; எனக்கும் இருக்கிறது. ஊரைப் பற்றி உண்மையாக எழுதினால் சாதி வரும், சாதி வந்தால் சண்டை வரும். 2015 ஜனவரியில், 'மாதொருபாகன்' எதிர்ப்பு பற்றி மாவட்ட நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் 'பூனாச்சி' வந்தது, ஒரு வெள்ளாட்டின் கதையாக. மனிதர்களை விட்டுவிட்டு ஆட்டை எழுதினார் என்றால் அவர்பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அவருக்கு உயர் நீதிமன்றம் இருந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு நீங்கள்தான். ஆகவே சில ஏற்பாடுகள் வேண்டும். சொந்த அனுபவத்தை எழுதும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வேண்டாதவர் தொழிலைப் பற்றியோ திருவிழாவைப் பற்றியோ எழுதட்டும். மாணவர் சம்மதமில்லாமல் கட்டுரையை வகுப்பில் வாசிக்கக் கூடாது. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள். நாளைக்கு யாராவது கல்லூரி வாசலில் வந்து சத்தம் போட்டால், "எழுதச் சொன்னது நான்தான்" என்று துறைத் தலைவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த உறுதி இல்லாத துறைகள் தொடங்காமலிருப்பதே மேல்.

வருகிற ஜூனில் முதலாம் ஆண்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். பருவ முடிவில் நல்ல கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட முன்வரும் துறைக்கு, ஆத்தூரில் வாசிக்கிற நண்பர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து தாள் செலவைத் தருகிறோம். மெய்ப்பும் பார்த்துத் தருவோம்.

இப்படிக்கு,
ஆத்தூரிலிருந்து ஒரு பழைய தமிழ் மாணவன்