கன்று நடுவிழா வேண்டாம், கால்வாயிலிருந்து தொடங்குங்கள்

புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டார இடைநிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் புறப்பாட நடவடிக்கை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கடலோரப் பாதுகாப்பு என்றால் பல பள்ளிகளில் ஒரே வழக்கம்தான். ஒரு சனிக்கிழமை, ஒரு பேருந்து, ஒரு பதாகை, ஆளுக்கு இரண்டு பாக்காவ் (அலையாத்தி மரம்) கன்று. படம் பிடித்து நாசி லெமாக் சாப்பிட்டதோடு முடிந்தது. அப்படி நட்ட கன்றுகள் ஏன் பெரும்பாலும் பிழைப்பதில்லை என்பதே பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம்.

தண்ணீர் வற்றியதும் தெரியும் திறந்த சேற்றுவெளியைக் காலி நிலம் என்று நினைத்து நடுகிறோம். சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்தச் சேற்றில் கன்று நாளின் பெரும்பகுதி மூழ்கியே இருக்கும், வேர் மூச்சுவிட முடியாது. அலை ஆட்டும், தண்டில் கொட்டலசு அப்பி எடை கூட்டும். மரம் வளரக்கூடிய உயரமாக இருந்தால் அங்கே அப்பி-அப்பி என்ற இன்னொரு அலையாத்தி மரம் தானாகவே முளைத்திருக்கும். சேறும் காலியில்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியப் பக்கமிருந்து வரும் கரைப்பறவைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டே அதுதான். நம் கெராங் மட்டி விளைவதும் அதில்தான்.

மாத்தாங்கில் நட்டு வளர்க்கிறார்களே என்பீர்கள். பேராக் மாநிலத்தில் இருக்கும் அந்த ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் அலையாத்திக் காடு நூறாண்டுக்கு மேலாக நிர்வகிக்கப்படுகிறது, 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி மறுபடி நடுகிறார்கள். ஆனால் அவர்கள் நடுவது காடு இருந்த இடத்திலேயே. பாக்காவ் மின்யாக் வகைக்கு 1.2 மீட்டர், பாக்காவ் குராப் வகைக்கு 1.8 மீட்டர் இடைவெளி. அங்கேகூடக் குரங்கும் நண்டும் கன்றைப் பிடுங்கித் தின்றுவிடுகின்றன.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இந்த ஆண்டு நடுவிழாவை விட்டுவிடுங்கள். அதே செலவில் நான்கு கள வகுப்புகள் வையுங்கள். முதல் வகுப்பு கடலில் வேண்டாம், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக் கால்வாயில் நடக்கட்டும்.

நம் கரையோரத் தோட்டங்களில் பல, பண்ட் (மண் கரை) கட்டிக் கடலைத் தடுத்து, கால்வாய் வெட்டி நீரை வடித்து உண்டாக்கியவை. கால்வாயின் கடைசியில் மதகு. கடல் இறங்கும்போது திறந்து தோட்டத்து நீரை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். பாக்காவ் காடாயிருந்த களிமண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் படிந்திருக்கும். நீருக்கடியில் கிடக்கும்வரை அது சாது. கால்வாயை ஆழப்படுத்தி நீர்மட்டத்தை இறக்கினால் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகும். வறட்சிக்குப் பிறகு வரும் முதல் பெருமழை அதைக் கழுவிக் கால்வாயில் இறக்கும், மீன் மிதக்கும். எல்லாத் தோட்டத்திலும் இப்படி இருக்காது, அளந்தால்தான் தெரியும்.

அடையாளம் காணப் பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கரையில் ஆரஞ்சு நிறக் கொழகொழப்பு, வெட்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சள் கீற்று, அடிமண் தெரியுமளவு பளிங்குத் தண்ணீர். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கை அங்கேயே உடையும்: அமிலத்தில் கரைந்த அலுமினியம் கலங்கலை எல்லாம் அடியில் படிய வைத்துவிடுகிறது.

அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளும் கயிறு கட்டிய வாளியும் போதும். வயல் கால்வாய், பெருங்கால்வாய், மதகுக்கு உட்புறம், வெளிப்புறம் என்று நான்கு இடங்களில் அளவெடுங்கள். கடல்நீர் 8க்குப் பக்கத்தில் இருக்கும். அமில மண்ணுள்ள கால்வாய் 4க்கும் கீழே போகலாம். 6க்கும் 4க்கும் வித்தியாசம் இரண்டல்ல, நூறு மடங்கு அமிலம் என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். கடல் இறங்கும் நேரத்தில் மட்டும் அளவெடுங்கள், மதகு மூடியிருந்தால் தேங்கிய நீரைத்தான் அளப்பீர்கள். மானேஜரின் அனுமதி முதலிலேயே வேண்டும். கால்வாய்த் தண்ணீரில் கையை விடக் கூடாது, எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் நமக்குப் புதிதில்லை. கையுறை, பிறகு சோப்பு. காலில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளை குறிப்பெழுதட்டும்.

அலையாத்திக் காட்டுக்குப் போகும் நாளைப் பள்ளி நாள்காட்டி முடிவு செய்யக் கூடாது. தேசிய நீராய்வு மையத்தின் ஓத அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிள்ளான் பக்கம் ஏற்ற இறக்கம் நான்கு மீட்டரைத் தாண்டும். வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே தொடங்குங்கள், வற்றி முடிந்ததும் திரும்பிவிடுங்கள். ஏறும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். நான்கு மீட்டர் ஏற்றத்தில் மூன்றாம் மணியில் மட்டும் ஒரு மீட்டர். சமதரைச் சேற்றில் அது பின்னாலிருந்து சூழ்ந்துகொள்ளும்.

காலுக்கு நீள பூட்ஸ் வேண்டாம், சேறு கவ்வி இழுத்துக்கொள்ளும். ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் போடும் அடிடாஸ் கம்போங் ரப்பர் சப்பாத்து போதும், ஒரு அளவு இறுக்கமாக.

5 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட 50 மீட்டர் கயிற்றைப் பண்டிலிருந்து கடலை நோக்கிக் கட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் என்ன மரம், சுற்றளவு எவ்வளவு என்று எழுத வேண்டும். சாதாரண மரத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டரில் அளக்கலாம். முட்டுவேர் உள்ள பாக்காவை மேல்வேருக்கு 30 சென்டிமீட்டர் மேலே அளக்க வேண்டும். இல்லையென்றால் வேரை அளந்துவிட்டு மரம் என்பார்கள். பண்டோரம் தில்லை மரம் இருக்கலாம், சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த அதே மரம். மலாய்க்காரர்கள் பூத்தா-பூத்தா (பூத்தா என்றால் குருடு) என்பது சும்மா இல்லை, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளை ஒடிக்க விடாதீர்கள்.

நண்டு எண்ண அரை மீட்டர் சதுரச் சட்டம் வேண்டும். இரண்டு மீட்டர் பிவிசி குழாய், நான்கு முழங்கை மூட்டு, வேலை முடிந்தது. சட்டத்தை வைத்ததும் எண்ணத் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. காலடி அதிர்வில் நண்டு எல்லாம் உள்ளே போயிருக்கும். நிழல் விழாமல் தள்ளி நின்று பத்து நிமிடம் வாய் மூடியிருந்தால் (பதினைந்து வயதுக்கு இதுதான் கடினம்) ஒற்றைக் கொடுக்கு பெருத்த ஆண் நண்டு முதலில் எட்டிப்பார்க்கும். எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு.

குப்பை பொறுக்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. மூட்டைகளை எடைபோடுவதோடு நிறுத்தாதீர்கள், வகை பிரித்து எண்ணுங்கள்: உரச்சாக்கு, வலை, உறிஞ்சுகுழல். சாமி கும்பிட்டுக் கரையில் விட்டுவரும் பிளாஸ்டிக் தட்டுக்கும் பூமாலை கட்டிய நைலானுக்கும் பட்டியலில் ஒரு கட்டம் இருக்கட்டும். மூச்சுவேரில் சிக்கிய வலையை இழுத்தால் வேர் முறியும், கத்தியால் நறுக்கி எடுக்க வேண்டும்.

வனக்காப்பகத்துக்குள் போக வன இலாகாவின் பெர்மிட் தேவை. அது தாமதமானால் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் தொடங்கலாம். முப்பது பேருக்கு ஆறு ஆறாக ஐந்து குழு, முன்னும் பின்னும் ஒரு பெரியவர். ஆற்றுமுகத்தில் முதலை உண்டு, நீரோரம் உட்கார விடாதீர்கள்.

வறட்சியில் இரண்டு, மழையில் இரண்டு என்று நான்கு வகுப்பையும் அதே கயிறு, அதே நான்கு இடங்கள் என்று வைத்தால்தான் எண்கள் ஒப்பிட உதவும். சட்டமும் கயிறும் செய்து தர நாங்கள் தயார். பிஎச் தாளை மட்டும் சங்கம் வாங்கட்டும், ஈரம் புகாத டப்பாவில் வைக்கவும். முதல் வகுப்புக்குப் பேருந்து பதிய வேண்டியதில்லை, தோட்டத்துக் கால்வாய்க்கு நடந்தே போகலாம்.

இப்படிக்கு,
புக்கிட் ரோத்தானிலிருந்து, கடலோரக் களப்பணியில் இருக்கும் சிலர்