வரைபடம் இல்லாமல் எம்.ஆர்.எஸ். அறிக்கை தராதீர்கள்

அரசு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மையங்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

“கோலின் கூடுதல், கட்டியாக இருக்கலாம்.” அண்மையில் ஒரு மாவட்ட மையத்திலிருந்து வந்த அறிக்கையில் எம்.ஆர்.எஸ். பற்றி, அதாவது திசுவில் உள்ள வேதிப்பொருள்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தாலேயே அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி பற்றி, இருந்தது இவ்வளவுதான். கோலின் என்பது செல் சவ்வு சார்ந்த ஒரு வேதிப்பொருள். ஸ்பெக்ட்ரம் எனப்படும் வேதிப்பொருள் வரைபடம் இல்லை. வாக்சலை, அதாவது அளவெடுக்கும் சிறு பெட்டி வடிவப் பகுதியை, எங்கே வைத்தார்கள் என்ற படம் இல்லை. எக்கோ நேரம்கூட, அதாவது ரேடியோ துடிப்புக்கும் சிக்னலைப் பதிவதற்கும் இடையிலான நேரம்கூட, குறிப்பிடவில்லை. இப்படி வருவது இது முதல் முறை அல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

அந்த அறிக்கை வலிப்போடு வந்த ஓர் இளைஞருடையது. அவர் மூளையில், கான்ட்ராஸ்ட் ஏற்றியதும் வளையமாக ஒளிரும் ஒரு புண். நம் நாட்டில் அது காசநோய்க் கட்டியாக இருக்கலாம், நாடாப்புழுவால் வரும் சிஸ்டிசர்கோசிஸாக இருக்கலாம், சீழ்க்கட்டியோ க்ளையோமா என்ற மூளைக் கட்டியோகூட இருக்கலாம். ஒன்றுக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து, ஒன்றுக்கு அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும், ஒன்றுக்குத் தாமதிக்காமல் சீழை எடுக்க வேண்டும். கோலின் காசநோய்க் கட்டியிலும் ஏறும், நரம்பின் உறையான மயலின் சிதையும் நோயிலும் ஏறும். அப்படியிருக்க, அந்த ஒரு வரியை நம்பித்தான் மண்டையோட்டில் துளையிட அந்தக் குடும்பம் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் மறுபடி வரிசை, மறுபடி ஸ்கேன்.

எங்கள் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு எம்.ஆர்.எஸ். அறிக்கையோடும் 30, 144 மில்லி செகண்ட் என இரண்டு எக்கோ நேரங்களின் ஸ்பெக்ட்ரமும், மூன்று தளங்களில் வாக்சல் இருக்குமிடமும் இணைக்கப்பட வேண்டும்.

இரண்டு எதற்கு? ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வொரு வேதிப்பொருளும் பிபிஎம் என்ற அளவில் தனக்குரிய இடத்தில் முகடாகத் தெரியும். 30இல் 0.9 பிபிஎம் அருகே லிப்பிடும் (கொழுப்பு) அமினோ அமிலங்களும் மேல்நோக்கியே நிற்கும், பிரித்தறிய முடியாது. 144இல் அமினோ அமிலங்களும் 1.3இல் உள்ள லாக்டேட்டும் கீழே கவிழும், லிப்பிட் கவிழாது. அமினோ அமிலம் தெரிந்தால், கூடவே 1.9இல் அசிட்டேட்டும் 2.4இல் சக்சினேட்டும் இருந்தால், பாக்டீரியா சீழ்க்கட்டியாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். அமினோ அமிலம் இல்லாமல் லிப்பிட் மட்டும் ஓங்கி நின்றால் காசநோய்ப் பக்கம் சாயலாம். ஆனால் அழுகிய புற்றுக்கட்டியிலும் லிப்பிட் உண்டு. 3 டெஸ்லா காந்த வலிமை உள்ள இயந்திரத்தில் 144இல் லாக்டேட் முழுதாகக் கவிழாமல் குன்றித் தெரியும்; அங்கே 288உம் எடுப்பது நல்லது.

நேரம் இல்லை என்கிறீர்கள். டி.ஆர். (ஒரு அளவெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி) 2 செகண்ட், 128 ஆவரேஜ் (சராசரிக்காகத் திரும்ப எடுக்கும் முறைகள்) என்றால் 4 நிமிடம் 16 செகண்ட். இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது நிமிடம்கூட ஆகாது. கூடுதல் நேரம் கேட்பது காந்தப்புலத்தைச் சீராக்கும் ஷிம்மிங்தான், அதை அவசரப்படுத்தவே கூடாது. 1.5 டெஸ்லாவில் கோலின் முகட்டுக்கும் அதன் பக்கத்துக் கிரியேட்டின் முகட்டுக்கும் இடைவெளி சுமார் 13 ஹெர்ட்ஸ். அந்தச் சீரைக் காட்டும் தண்ணீர் முகட்டின் அகலம் 7 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக இரண்டும் ஒன்றாகிவிடும். வெளியிலிருந்து வரும் சிக்னலை அடக்கும் சாச்சுரேஷன் பட்டைகள் போடாவிட்டால் உச்சந்தலைக் கொழுப்பு உள்ளே வந்து, புண்ணில் லிப்பிட் இருப்பதுபோல் காட்டும். 2 செ.மீ. வாக்சலை 1 செ.மீ. புண்ணின் மேல் வைத்தால் வரைபடத்தில் வருவது பெரும்பாலும் பக்கத்து நல்ல மூளைதான். ரத்தக்கசிவு, கால்சியம், எலும்பு, காற்றறை அருகில் ஸ்பெக்ட்ரம் கெட்டால், ‘முடிவு சொல்ல இயலாது’ என்று எழுதுவதே நேர்மை.

டெண்டரில் எத்தனை டெஸ்லா, எத்தனை சேனல் என்று கேட்கிறார்கள்; ஸ்பெக்ட்ரோஸ்கோபி லைசென்ஸ் ‘விருப்பத் தேர்வு’ ஆகிவிடுகிறது. வாங்கிய இடத்திலும் ரேடியோகிராபருக்குப் பயிற்சி இல்லை. ஒரு நாளில் எத்தனை நோயாளிகள் என்பது மட்டுமே மேலே கேட்கப்படும் கணக்கு. இந்த அழுத்தத்தில் வேலை செய்பவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை; கணக்குக் கேட்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.எஸ். பயாப்சிக்கு மாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. அறிக்கையோடு ஸ்பெக்ட்ரமும் வாக்சல் படமும் வேண்டும் என்றே மீண்டும் பணிவுடன் கேட்கிறோம். அதற்கான உத்தரவு வரும்வரை, மூலத் தரவுக் கோப்பையாவது நோயாளியின் சி.டி.யில் சேர்த்துக் கொடுங்கள். வழக்கமாகப் பதியும் படங்களோடு அது தானாக வராது. இயந்திரத்தில் இடம் நிறைந்ததும் அழிந்துவிடும்.

இப்படிக்கு,
நரம்புக் கதிரியல் துறையில் பணிபுரிவோர்