முத்துத் தோட்டில் இரண்டே தொடுகை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தை நகலெடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பதில் எனக்கு ஏக சந்தோஷம். நெதர்லாந்தின் டென் ஹாக் நகரில், மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள மூல ஓவியம் 44.5 × 39 செ.மீ. தான். அதே அளவில் போடு. அப்போதுதான் அவர் தூரிகை ஓடிய விதம் உன் கைக்கும் பிடிபடும்.

உன் படத்தில் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளிறிக் கிடக்கிறது. டைட்டானியம் வெள்ளையின் வேலை அது. அவர் பயன்படுத்தியது ஈய வெள்ளை. டைட்டானியம் பக்கத்து நிறங்களை விழுங்கிவிடும். நினைத்ததில் பாதி எடுத்து, துளி மஞ்சள் ஓக்கர் (மண்மஞ்சள் வண்ணம்) கலந்துகொள். ஈய வெள்ளை நஞ்சு. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், தேடிப் போகாதே.

மூக்குக்குக் கோடு போட்டிருக்கிறாய். மூலத்தைக் கூர்ந்து பார்: மூக்குத்தண்டுக்கும் அதற்கு அப்பால் உள்ள கன்னத்துக்கும் நடுவே எல்லையே இல்லை, ஒரே தோல்நிறம் கடந்து போகிறது. இந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கோடு காய்ந்துவிட்டதென்றால் இரண்டையும் சேர்த்து ஒரே கலவையால் மூடிவிடு.

பின்னணியை வெறும் கறுப்பாக விடாதே. 2018-இல் நடந்த ஆய்வில், அது பச்சைத் திரைச்சீலையாக இருந்தது தெரியவந்தது. கறுப்பு அடித்தளத்தின் மேல் அவுரி நீலமும் வெல்ட் செடியின் மஞ்சளும் கலந்த மெல்லிய பூச்சு, காலப்போக்கில் வெளிறிவிட்டது. ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணம் காய நாளாகும். அதில் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு கலந்தால் சீக்கிரம் காயும். டர்பன்டைன் விட்டு மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாமல் காயும் வரை, ஒரு வாரமோ பத்து நாளோ, காத்திரு. பிறகு அல்ட்ராமரைன் நீலமும் ஒளி ஊடுருவும் மஞ்சளும், ஆளி விதை எண்ணெய் கொஞ்சம் விட்டுப் பூசு. ஈரத்தின் மேல் பூசினால் சேறாகும். எண்ணெய் மிஞ்சினால் சுருங்கி மஞ்சளிக்கும். மேல் பூச்சுகளுக்குப் போகப் போகத்தான் எண்ணெய் கூட வேண்டும், மாறினால் வண்ணத்தில் விரிசல் விழும்.

தலைப்பாகையும் அப்படித்தான்: நிழலும் வெளிச்சமும் முதலில், காய்ந்தபின் நீலப் பூச்சு.

முத்தைக் கடைசியில் தொடு. சுற்றிக் கோடு போட்டால் கண்ணாடி மணியாகிவிடும். மேலே தடித்த ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே சட்டைக் கழுத்தின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவே. கொக்கிகூட அவர் வரையவில்லை.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவை.

அடுத்த படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. வண்ணத்தின் மேடுபள்ளம் தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.

அன்புடன்,
சிவா